பல் தந்தி அடிக்கிறது

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கீழ்வரிசையில் கடைசிக்கு முந்திய பல், வேர் வரைக்கும் சொத்தை, ரூட் கெனால் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாற்காலியில் சாய்ந்ததும் ஏர்கான் காற்று நேராக முகத்தில் அடித்தது, பயமும் சேர்ந்துகொண்டது, பல் தந்தி அடிக்க ஆரம்பித்துவிட்டது. இந்தச் சொல்லை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. தந்தி ஆபீஸில் அந்தக் கட்டை கடகடவென்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரோ குளிரில் நடுங்கும் பல்லுக்கு அதைச் சொல்லியிருக்கிறார்கள். தந்தி போய்விட்டது, பல் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது தடவை போனபோது வேரைச் சுத்தம் செய்து முடித்து, உள்ளே அடைப்பதற்காக டாக்டர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். ஊதுவத்தியைவிட மெல்லிசாக, நுனி ஊசி போல, இளஞ்சிவப்பு நிறத்தில், மூன்று சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், குச்சி குச்சியாக அடுக்கியிருந்தது. பிளாஸ்டிக்கா என்று கேட்டேன். இல்லை, மரத்துப் பால், கட்டா பெர்ச்சா என்றார். மலாய்ப் பெயர்தான், கெத்தா பெர்ச்சா. ஒரு குச்சியை என் விரலில் வைத்துக் காட்டினார். வளைத்தால் வளைகிறது, ஆனால் ரப்பர் மாதிரித் துள்ளித் திரும்பவில்லை, வளைத்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அன்றைக்கு சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் மரத்துப்போன வாயோடு உட்கார்ந்து அந்தப் பெயரைத் தேடிப் படித்தவன், ஒரு வாரம் அதை விடவில்லை. காரணம், அது போய் நின்ற இடம் எங்கள் வீட்டு பிஸ்கட் டின். அதற்குப் பிறகு வருகிறேன்.

கெத்தா என்றால் மலாயில் மரத்தின் பால், பிசின். இந்தப் பால் தரும் மரம் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் காட்டில் தானாக வளர்ந்தது. இங்கே மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1840களின் தொடக்கத்தில் ஒரு மலாய்த் தொழிலாளி கையில் இருந்த பாராங் கத்தியின் பிடியைப் பார்த்து நின்றுவிட்டார். மரமும் இல்லை, கொம்பும் இல்லை. விசாரித்தால், வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு போல ஆகும், கையால் எந்த உருவமும் பிடிக்கலாம், ஆறினால் கட்டையாக இறுகிவிடும் என்று தெரிந்தது. ரப்பர் இந்த ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பிசுபிசுத்துக் கெட்டுப்போய்க்கொண்டிருந்த காலம், மருத்துவக் கருவிகளுக்கு இது உதவும் என்றுதான் அவர் நினைத்தார். 1843-ல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். இங்கிருந்த ஹோசே டி அல்மைடா என்ற போர்த்துகீசியரும் அதே வருடம் கொஞ்சம் கொண்டுபோனார். புத்தகங்களில் மாண்ட்கோமரி கண்டுபிடித்தார் என்றே எழுதுகிறார்கள். அந்தப் பிடியைச் செய்தவருக்கு அது முன்பே தெரியும், அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். பெயர் மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இதற்கும் தந்திக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தந்திக்கு முன்னால் செய்தி என்பது எப்போதும் யாராவது ஒருவரின் மேலே ஏறித்தான் போகும். குதிரை ஓடும் வேகம், கப்பல் ஓடும் வேகம், புறா பறக்கும் வேகம், அவ்வளவுதான். 1790களில் பிரான்சில் குளோட் ஷாப் குன்றுக்குக் குன்று கோபுரம் கட்டி, மேலே மரக்கைகளை ஆட்டிச் சைகை காட்டி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். நல்ல வேகம்தான், ஆனால் ராத்திரியிலும் மூடுபனியிலும் வேலைக்கு ஆகாது. 1820-ல் டென்மார்க்கில் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி அசைவதைப் பார்த்தார். இந்தப் பக்கம் மின்சாரத்தை விட்டால் அந்தப் பக்கம் ஊசி அசையும் என்றால், நடுவில் எத்தனை மைல் கம்பி இருந்தால் என்ன? அடுத்த பதினேழு வருடம் பல நாடுகளில் பலர் இதையே பிடித்துக்கொண்டு முட்டி மோதினார்கள்.

1837-ல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டோன் என்ற இருவர் ஐந்து ஊசி வைத்த ஒரு பலகைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஏதாவது இரண்டு ஊசிகள் சாய்ந்து ஒரு எழுத்தை நேராகக் காட்டும், படிக்கத் தெரிந்தால் போதும், தனியாகக் குறி எதுவும் கற்க வேண்டாம். ஆனால் பலகையில் இருபது எழுத்துக்குத்தான் இடம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தை விட்டுவிட்டார்கள், க்யூ என்ற எழுத்தும் அதில் ஒன்று. 1845 ஜனவரி 1-ஆம் தேதி, ஸ்லவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை விஷம் வைத்துக் கொன்றுவிட்டு ஜான் டாவெல் என்பவன் லண்டன் ரயிலில் ஏறிவிட்டான். அந்தக் காலத்தில் ரயிலைவிட வேகமாக ஓடுவது எதுவுமே இல்லை, ஏறிவிட்டால் தப்பித்தான் என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே தந்திக் கம்பியும் ஓடியது. ஸ்லவ் நிலையத்திலிருந்து பாடிங்டனுக்கு அடையாளம் அடித்தார்கள்: க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் போடும் உடுப்பில் இருக்கிறான். க்வேக்கருக்கு முதல் எழுத்தான க்யூ அங்கிருந்த கருவியிலும் கிடையாது, அதனால் கே போட்டு எழுத்துக் கூட்டி அனுப்பினார்கள். அந்தப் பக்கம் வாங்கினவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, திருப்பி அடிக்கச் சொல்லித்தான் புரிந்துகொண்டார். ரயில் வந்து சேரும்போது போலீஸ் அங்கே காத்திருந்தது, மறுநாள் பிடித்துவிட்டார்கள். ஓடுகிறவனைச் செய்தி முந்திக்கொண்டு போனதை ஊரே பேசியது. தந்தி என்றால் என்ன என்று சாதாரண ஜனங்களுக்கு உறைத்தது அந்த வழக்கினால்தான்.

அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ். அவர் விஞ்ஞானி இல்லை, ஓவியர். 1825-ல் வாஷிங்டனில் ஒரு பெரிய மனிதரின் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது, நியூ ஹேவனில் இருந்த அவர் மனைவி லுக்ரீஷியா இறந்துபோனார். அப்பா எழுதிய கடிதம் கைக்குக் கிடைத்து, விழுந்தடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. தந்தி பற்றிய எண்ணம் அவருக்கு ஏழு வருடம் கழித்து, 1832-ல், ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலில் மின்காந்தம் பற்றிய பேச்சு நடந்தபோதுதான் வந்தது. இருந்தாலும் அந்தக் கடிதத்தை நினைக்காமல் என்னால் அவரைப் பற்றிப் படிக்க முடியவில்லை. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு, 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பைபிள் வரி ஒன்றை அனுப்பிக் காட்டினார். அவருடைய முறையில் கம்பி ஒன்று போதும். கட்டையை அழுத்தினால் மின்சாரம் ஓடும், அந்தப் பக்கம் மின்காந்தம் இரும்பை இழுக்கும். கொஞ்ச நேரம் அழுத்தினால் புள்ளி, கூடுதலாக அழுத்தினால் கோடு. மோர்ஸும் கூட வேலை செய்த ஆல்ஃபிரட் வெயிலும், அதிகம் வரும் எழுத்துக்குச் சின்னக் குறி என்று வைத்தார்கள். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி.

இந்த இடத்தில்தான் எனக்குத் தமிழ் ஞாபகம் வந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்தே அந்தப் பலகையில் அடங்கவில்லை, நமக்கு 247. மோர்ஸ் குறியும் ஆங்கில எழுத்தை எண்ணிக் கட்டியது. அதனால் நம் ஊரில் தந்தி வந்தால் அது இங்கிலீஷில்தான் வரும். சாவுச் செய்தி, யாரும் பேசாத ஒரு மொழியில் வீட்டு வாசலுக்கு வரும்.

சரி, பிஸ்கட் டின்.

எங்கள் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக இங்கே வந்து, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருடைய அம்மா 1954-ல் ஊரில் இறந்தார். இங்கே வந்த தந்தி இன்னும் இருக்கிறது. மஞ்சளேறி, மடித்த இடத்தில் நூல் போலப் பிரிந்து, அப்பாயியின் பிஸ்கட் டின்னில் ஐசி என்ற அடையாள அட்டைக்கும் பழைய பாஸ்போர்ட்டுக்கும் நடுவில். படிவத்தின் மேலே அச்செழுத்து அடித்த காகிதப் பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், ஒரு பட்டை கோணலாக ஒட்டியிருக்கிறது. மதர் எக்ஸ்பயர்டு டுடே மார்னிங். கீழே பெரிய தாத்தாவின் பெயர், அதிலும் ஒரு எழுத்து தப்பு. நாலே வார்த்தை. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு, ஐந்தாவது வார்த்தை போட்டிருந்தால் அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

தாத்தாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை, நம்மைப் போன்றவர்களுக்குத் தந்தி வேறு எதற்கு வரும்? கடிதம் எழுதினால் சில காசு, தந்தி அடித்தால் சில நாள் கூலி, அப்படிச் செலவு செய்து ஊரில் இருப்பவர்கள் சொல்லும் சேதி ஒன்றுதான். ஆனாலும் உறையைப் பிரிக்காமல் மார்க்கெட் ஸ்ட்ரீட் வரைக்கும் நடந்தே போனாராம். அங்கே வட்டித்தொழில் செய்யும் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் அவருக்குத் தெரிந்த கணக்குப்பிள்ளை இருந்தார். அவர் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றார் என்று அப்பாயி சொல்வார். உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து நின்றதுதான் தாத்தாவுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, பொதுக் குழாயடியில் தலைமுழுகினார். கப்பல் எப்போது என்று கேட்டார்கள், பத்து நாளுக்கு மேல் ஆகும், ஏறினால் இன்னும் ஒரு வாரம் கடலில். ஊரில் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் எடுத்திருப்பார்கள். அவர் போகவில்லை.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. தாத்தாவின் சித்தப்பா ஒருவர் இவருக்கு முந்தியே மலாயா தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய அப்பா இறந்தபோது ஊரிலிருந்து கடிதம்தான் போட்டார்கள். அது தோட்டத்துக்கு வந்து, கங்காணி கையில் கிடந்து, இவர் கைக்கு வரும்போது நாற்பது நாள் தாண்டிவிட்டது. அந்த நாற்பது நாளும் அவர் கறி தின்றார், தீபாவளிக்குப் புதுவேட்டி கட்டினார், அப்பாவுக்கு என்று பணம்கூட அனுப்பினார். எங்கள் பக்கத்தில், வெளியூரில் இருப்பவனுக்குச் சாவு எப்போது காதில் விழுகிறதோ அப்போதுதான் தீட்டு, பதினாறு கழிந்து கேட்டால் தலைமுழுகிவிட்டால் போதும் என்பார்கள். வழக்கம் அவரை மன்னித்துவிட்டது. அவர் தன்னை மன்னிக்கவில்லை, அந்தத் தீபாவளியைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அதனால் தாத்தாவுக்கு அந்தத் தந்தி பெரிது. அப்பாயி ஒரு தடவை, தெரியாமலே இருந்திருந்தா கொஞ்ச நாள் நிம்மதியா இருந்திருப்பீங்களே என்று கேட்டிருக்கிறார். தாத்தா சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "அன்னைக்கே அழுதேன்ல, அது போதும்."

தந்தி செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். உலகம் சுருங்கியது, தூரம் செத்தது என்றெல்லாம் எழுதுகிறார்கள். தூரம் சாகவில்லை, ஒரு வாரக் கடல் அப்படியே இருந்தது. சேதி மட்டும் அதைத் தாண்டி வந்துவிட்டது, ஆள் தாண்ட முடியவில்லை. அதற்கு முன்னால் சேதியும் ஆளும் ஒரே கப்பலில் வந்தார்கள், அதனால் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது என்ற அந்த நிலை அவ்வளவாக யாருக்கும் இருந்திருக்காது. ஒரே நாளில் அழலாம், ஆனால் இங்கே நின்றுதான் அழ வேண்டும். கடல் கடந்து பிழைக்கப் போனவர்களுக்கெல்லாம் தந்தி கொடுத்தது அந்த ஒரு நாளை.

அப்புறம், கடலுக்கடியில் கம்பி போன கதை. நிலத்தில் கம்பத்தில் பீங்கான் குமிழ் வைத்துக் கம்பியைத் தொங்கவிட்டால் சரி, சுற்றிலும் காற்றுதான், மின்சாரம் எங்கும் ஒழுகாது. உப்புத் தண்ணீரில் வெறும் கம்பியை இறக்கினால் மின்சாரம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். தார், சணல், ரப்பர் எல்லாம் சுற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் லண்டனில் சிங்கப்பூர்ப் பால் கட்டி கட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை விடாது, கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் இன்னும் நன்றாக இறுகும், சூடாக்கினால் கம்பியின் மேலே சேமியா பிழிவது மாதிரி உறையாகப் பிழிந்துவிடலாம். 1847-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் அதற்கு ஒரு இயந்திரம் செய்தார், 1848-ல் விஞ்ஞானி ஃபாரடே இதுதான் சரியான பொருள் என்று எழுதினார். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் போட்ட கேபிள் நிலைத்தது.

1858-ல் அட்லாண்டிக். விக்டோரியா ராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 வார்த்தைச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நீளக் கம்பியில் மின்துடிப்பு விட்டவுடன் கூர்மையாகப் போய்ச் சேராது, ஈரத்தாளில் மை பரவுவது போலப் பரவி, ஒன்றோடொன்று கலந்துவிடும். கடலடிக் கேபிள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு நீண்ட மின்தேக்கி போல நடந்துகொள்கிறது, அதுதான் காரணம். பொறுப்பில் இருந்த வைட்ஹவுஸ் என்ற மருத்துவர், பலமாக அடித்தால் சேரும் என்று ஏறக்குறைய 2,000 வோல்ட் ஏற்றினார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த உறை தாங்கவில்லை, ஒரு மாதத்துக்குள் கேபிள் செத்துப்போனது. வில்லியம் தாம்சன், பிறகு கெல்வின் பிரபு என்று பெயர் வாங்கியவர், நேரெதிராக யோசித்தார். மெல்ல அனுப்பு, கூர்ந்து கவனி. ஒரு பட்டு இழையில் சின்னஞ்சிறு கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதில் விளக்கொளி படும்படி வைத்தார். மின்சாரம் துளி வந்தாலும் கண்ணாடி திரும்பும், எதிரே அளவுகோலில் ஒளிப்புள்ளி இடமோ வலமோ நகரும். இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்து எழுத்தாக்குவது ஒருவருடைய வேலை. 1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற பிரம்மாண்டக் கப்பல் போட்ட கேபிள் நிலைத்தது. தொடக்கத்தில் 20 வார்த்தைக்கு 20 பவுண்டு. ஏழைக்கு அல்ல என்று சொல்லாமலே சொன்ன விலை.

சிங்கப்பூருக்கு முதல் கேபிள் 1859-ல், பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு. நங்கூரம் மாட்டி அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து, கைவிட்டுவிட்டார்கள். நிலைத்தது 1871-ல் வந்த கேபிள். அது எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது: மெட்ராஸிலிருந்து, பினாங்கு வழியாக. ஒரு வருடம் முன்பு லண்டனிலிருந்து பம்பாய் வரை கடல்வழிக் கேபிள் முடிந்திருந்தது, பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் நிலத்தில் கம்பி முன்பே இருந்தது. ஆக, சிங்கப்பூர் லண்டனோடு பேசியது மெட்ராஸ் வழியாகத்தான். நாகப்பட்டினத்திலிருந்து தாத்தா வந்த அதே வங்காள விரிகுடா, அதே பினாங்கு, அதே வழி. அதே 1871-ல் இங்கிருந்து ஹாங்காங், ஜாவா, ஆஸ்திரேலியாவின் டார்வின் என்று கிளைகள் நீண்டன. கப்பலில் ஆறு வாரம் ஆன கடிதம் ஒரு நாளுக்குள் பதிலோடு திரும்பிவந்தது. தகரம் என்ன விலை, மிளகு என்ன விலை என்று லண்டன் சொன்னதை வைத்து அன்றைக்கே இங்கே பேரம் படிந்தது. ஒரு வார்த்தையில் ஒரு முழு வாக்கியத்தை அடக்கும் குறிப்புத்தகங்களை வைத்துக்கொண்டு வணிகர்கள் காசை மிச்சம் பிடித்தார்கள். இன்றைக்கும் ராபின்சன் சாலைப் பக்கம் டெலிகிராஃப் ஸ்ட்ரீட் என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அதே சாலையில் 35-ஆம் எண் கட்டடம் 1927-ல் கேபிள் கம்பெனிக்காகக் கட்டியது, இப்போது ஹோட்டல். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனையோ தடவை அதைத் தாண்டி லாவ் பா சாட் போயிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

தந்தியை நல்லது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1857-ல் சிப்பாய்கள் டெல்லிக்குள் வந்த சேதியை டெல்லி தந்தி ஆபீஸ் அம்பாலாவுக்கு அடித்தது, பஞ்சாபில் இருந்த ஆங்கிலேயர்கள் முந்திக்கொண்டார்கள். தந்திதான் இந்தியாவைக் காப்பாற்றியது என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள், யாருக்காகக் காப்பாற்றியது என்பது நமக்குத் தெரியும். கம்பியின் இரண்டு முனையையும் பிடித்திருந்தவர்கள் அவர்கள்.

மரத்தின் கதை அதைவிட மோசம். ரப்பர் மரம் மாதிரி கீறிவிட்டால் இதில் பால் வடியாது, உள்ளே சின்னச் சின்ன அறைகளில் அடைந்து கிடக்கும். அதனால் மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, ஊறுவதைச் சுரண்டி எடுத்தார்கள். பல வருடம் வளர்ந்த மரம், கிடைப்பதோ கொஞ்சம்தான், மீதியெல்லாம் காட்டிலேயே மக்கும். கேபிளோ ஆயிரக்கணக்கான மைல். சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்த மலாய்த் தலைவர், தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் இந்த வணிகத்தைக் கையில் வைத்துப் பெரும் செல்வம் சேர்த்தார். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் சிங்கப்பூர்த் தீவில் பெரிய மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது, அப்புறம் ஜொகூர், அப்புறம் சுமத்ரா, போர்னியோ. பேசும் கம்பிக்காகப் பேச்சே இல்லாமல் ஒரு காடு போனது. 1930களில் பாலித்தீன் வந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கேபிளிலிருந்து இது விலகியது. மிஞ்சியது பல் டாக்டரின் சின்னப் பெட்டி.

இரண்டு வாரம் முன்பு, மரங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரோடு புக்கிட் தீமா காட்டுக்குப் போனேன். பாதையோரம் ஒரு இளமரத்தைக் காட்டினார், என் இடுப்பு உயரம்கூட இல்லை. எதையும் பறிக்கக் கூடாது, கீழே விழுந்த ஒரு இலையை மட்டும் அவர் திருப்பிக் காட்டினார். மேலே சாதாரணப் பச்சை. அடியில் செம்பு நிறம், புதிதாகத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி, விரலால் தடவினால் வெல்வெட். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாக்கு அடைத்த பல்லைத் தானாகத் தேடிப் போய்த் தொட்டது.

இந்தியாவில் தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்தினார்கள். கடைசி நாள் வரிசையில் நின்று ஞாபகத்துக்காகத் தந்தி அடித்தவர்களைச் செய்தியில் பார்த்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது 2021 மே மாதம்.

பெரியப்பா, அதாவது அந்தத் தந்தியை அடித்த பெரிய தாத்தாவின் மகன், ஊரில் கொரோனாவில் போய்விட்டார். அப்போது இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வரக் கடுமையான கட்டுப்பாடு, போனால் எப்போது திரும்பலாம் என்று தெரியாது, வேலையும் பிள்ளைகளும் இங்கே. விமானத்தில் நாலு மணி நேரம் என்ற ஊர், ரஜுலா காலத்தைவிடத் தூரமாகிவிட்டது. அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் 3,200 கிலோமீட்டருக்கு ஐ-டு-ஐ கேபிளை நேராகப் போட்டார்கள், அதற்குப் பிறகு இன்னும் சில, எல்லாம் அந்த 1871 கேபிள் கிடந்த கடலில்தான். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. போனில் பெரியப்பாவை பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள், கவசம் போட்ட இரண்டு பேர் தூக்கினார்கள், வாய்க்கரிசி போட விடவில்லை. அப்பா என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தவர், வண்டி நகர்ந்தபோது எழுந்து நின்றார்.

"தம்பி, தெரியுதா?" என்று அக்கா கேட்டாள். கை நடுங்கியதில் படம் ஆடியது.

"தெரியுதுக்கா."

வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் போனைப் பிடித்திருந்தாள். பிறகு அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.